வாள் தின்ன அரை விரல்

"எட்டுத் துண்டு! எண்ணிப் பாருங்கம்மா, எட்டு! எங்கப்பா காலத்துக் கோலை முருங்கைக்காய் நறுக்கற மாதிரி நறுக்கி வச்சிருக்கீங்களே, இது பள்ளிக்கூடமா, இல்ல ஓட்டல் அடுப்படியா?"

"சத்தம் போடாதீங்க. பசங்க இருக்காங்க."

"இருக்கட்டும்! அவங்களும் கேட்டுக்கட்டும்! நாளையிலேர்ந்து எம்பொண்ணு இங்க வரமாட்டா. தறியில உக்காந்து கரைக்கு நாடா தள்ளுவா."

"அஞ்சாவது முடிய ரெண்டு மாசம்தான் இருக்குது. முடிச்சுட்டு ஆறாவது போகட்டும். கிளாசுல அவதான் முதல்."

"எதுல முதல்? அறுக்கறதுலயா?"

சத்தம் போட்டவன் வீரபாகு. எனக்கு எதிர்வீடு. பிள்ளையார்பாளையத்தில் நல்ல நெசவுக்காரர்கள் நாலு பேரைச் சொல்லுங்கள் என்றால் ஊர் இவனை மூன்றாவதாகச் சொல்லும். இவனையே கேட்டால் முதலாவதாகச் சொல்லுவான். சத்தம் போடாதீங்க என்று சொன்னவள் கிருஷ்ணவேணி டீச்சர். தென்னேரிப் பக்கம் ஏர் பிடிக்கிற குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். வேலைக்கு வந்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில், கணக்குப் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவள்தான் வீரபாகுவின் ஒரே மகள் தையல்நாயகி. பத்து வயசு. மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன அந்த எட்டுத் துண்டுகள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு மனுஷன் தறியிலிருந்து பாதியில் எழுந்து, சட்டைகூடப் போடாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு ஓடுகிறான். பின்னாலேயே போகாமல் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா? அதுவுமில்லாமல், அவனைக் கிளப்பி விட்டதே நான்தான். வேண்டுமென்று இல்லை. "இன்னாபா தேடுற?" என்று கேட்டேன். "கோலைக் காணோம்க்கா" என்றான். "தர்மன் ஆசாரி பட்டறையில கேளு, புதன்கிழமை உம்பொண்ணு எடுத்துக்கினு போச்சே" என்றேன். கண்ணால் பார்த்ததைச் சொல்வது குற்றமா?

அந்தக் கோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேக்குக் குச்சி, பெருவிரல் பருமன், ஏறக்குறைய ஒரு முழம். வீரபாகுவின் அப்பா வைத்திருந்தது. புடவையின் உடலில் வரிசை வரிசையாகச் சரிகை அன்னம் வரும் பாருங்கள், அதற்கு அதுதான் அளவு. ஒரு கோல் நீளம் நெய்தால் ஒரு வரிசை அன்னம். மறுபடி ஒரு கோல், மறுபடி அன்னம். அந்தக் கோலுக்கு எத்தனை அங்குலம், எத்தனை சென்டிமீட்டர் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குள் மீட்டரும் கிலோவும் வந்து வருஷம் பத்தாகிவிட்டது. வீரபாகு வீட்டு வாசப்படி மட்டும் அவை ஏறவில்லை. "டேப்பு தையக்காரனுக்கு" என்பான்.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாசம் அது. ஓரிக்கையில் சீனிவாசன் என்று ஒரு பெரிய விவசாயி. அவருக்கு ரெண்டு பெண்கள். பங்குனியில் ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில் கல்யாணம். முகூர்த்தப் புடவை ரெண்டும் ஒன்றுபோல இருக்கணும். மூத்தவளுக்கு ஒரு மாதிரி இளையவளுக்கு ஒரு மாதிரி என்று யாரும் நாக்கின்மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது. அந்த வேலையை வீரபாகுவிடம் கொடுத்திருந்தார்கள். முதல் புடவை முடிந்து ஓரிக்கைக்குப் போய்விட்டது. தறியில் கயிறெல்லாம் சரிபார்த்து ரெண்டாவதை ஆரம்பித்து ஒரு சாண்தான் ஏறியிருந்தது. முதல் வரிசை அன்னத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கோலைத் தேடினால், கோல் இல்லை.

பெண் படிப்பை நிறுத்துவதற்குக் கோல் ஒரு சாக்கு என்பதும் எனக்குத் தெரியும். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு வரணும். கரைப் பக்கம் ஊடைநூல் போகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அதுவரை அவன் பெண்டாட்டி தில்லையம்மாள்தான் தள்ளினாள். அவளுக்கு இடுப்புவலி வந்ததிலிருந்து, "இவளை உக்கார வச்சா இன்னா?" என்று தீபாவளிக்கே ஆரம்பித்துவிட்டான். "அஞ்சாவதாவது முடிக்கட்டுமே" என்று தில்லையம்மாள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். இப்போது சாக்கு எட்டுத் துண்டாகக் கிடைத்துவிட்டது.

சரி, கோல் ஏன் அறுபட்டது? அதற்குப் பின்னக் கணக்குதான் காரணம்.

பின்னம் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பின்னங்கால் பிடரியில் அடிக்கும். முன்பு இருந்த வாத்தியார் கரும்பலகையில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் எழுதி, "மேலயும் ரெண்டால பெருக்கு, கீழயும் ரெண்டால பெருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ஏன் பெருக்கணும் என்று கேட்டால் காது திருகும். கிருஷ்ணவேணி டீச்சர் வந்ததும் கரும்பலகையையே மறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு நேராகத்தான் தண்ணிக் குழாய். குடம் நிரம்ப நேரமாகும். குடம் நிரம்பிய பிறகும் நான் கொஞ்சம் நிற்பேன். அதனால் எல்லாம் தெரியும்.

"உங்க வீட்டுல இருக்கற எதோட நீளத்துக்காவது ஒரு காகிதப் பட்டை வெட்டிக்கினு வாங்க" என்றாள் டீச்சர். ஒருவன் கரண்டி நீளத்துக்கு, ஒருத்தி பாவாடை நாடா நீளத்துக்கு, மணியம்மாள் மகன் முனுசாமி ஒன்றுமே இல்லாமல். தையல்நாயகி அப்பாவின் கோலைத் தரையில் வைத்து, அதே நீளத்துக்குச் செய்தித்தாளில் ஒரு பட்டை வெட்டிக்கொண்டு வந்தாள். சினிமா விளம்பரப் பக்கம். கதாநாயகன் நெடுக நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டா மடிங்க. எத்தினி பங்கு?"

"ரெண்டு டீச்சர்!"

"அதையே இன்னொரு தடவை மடிங்க. இன்னொரு தடவை. இப்ப பிரிச்சு எண்ணுங்க."

"எட்டு!"

"எட்டுல நாலைத் தொட்டுக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. இன்னா வித்தியாசம்?"

விரல் ஒரே இடத்தில் போய் நின்றதும் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தன. "கோடுதான் டீச்சர் கூட இருக்குது, காகிதம் அதேதான்" என்றாள் தையல்நாயகி. எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வயசில் எனக்கும் இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் நான் நூல் சுற்றிக்கொண்டிருக்க மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சுத்தாம வேற இன்னா செய்வே, ஊரைச் சுத்துவியா?" என்றார். அது போகட்டும்.

காகிதம் கிழிந்துபோகும், மரத்தில் செய்துவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும் என்று டீச்சருக்கு ஆசை. "நல்ல நேரான குச்சி கிடைச்சா கொண்டாங்க, எட்டாப் பங்கு போட்டு வச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் விளக்குமாற்றுக் குச்சி, கரும்பு, ஒருவன் நிஜமாகவே முருங்கைக்காய் என்று கொண்டுவந்தார்கள். தையல்நாயகிக்குத் தெரிந்த நேரான குச்சி ஒன்றுதான். காகிதப் பட்டையும் அதே நீளம்தானே. கோலையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே தறிக்கு மரவேலை செய்கிற தர்மன் ஆசாரியிடம் போனாள். அவன் பட்டையைக் கோலின்மேல் வைத்து, மடிப்பு மடிப்பாகக் கோடு போட்டு, அறுத்துத் தள்ளிவிட்டான். அப்பனைக் கேட்டியா என்று அவனும் கேட்கவில்லை. யார் வீட்டுக் கோல் என்று டீச்சரும் விசாரிக்கவில்லை. பெண்ணோ, துண்டானாலும் கோல் கோல்தானே, சேர்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள். வகுப்பில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தது!

இப்போது சண்டைக்கு வருவோம்.

டீச்சர் அசரவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். தப்பு செய்தாலும் தலை நிமிர்ந்துதான் செய்வாள்.

"கேக்காம அறுத்தது தப்புதான். நான் விசாரிச்சிருக்கணும். ஆனா உங்க கோல் எங்கியும் போகல. எட்டுல எட்டுப் பங்கும் இங்கதான் இருக்குது. எட்டுல எட்டுன்னா ஒண்ணு. பாருங்க." எட்டுத் துண்டையும் மேஜை ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி நெருக்கி வைத்தாள். "இதான் உங்க கோல். பசை போட்டு ஒட்டிட்டா முடிஞ்சுது."

வீரபாகு கையை மடக்கி அதன் பக்கத்தில் வைத்தான். முழங்கை ஒரு கோடியில்.

"இருவத்தஞ்சு வருஷமா இந்தக் கையிலதான் இந்தக் கோலு. முழங்கையில வச்சா நடுவிரல் நகம் முடியற எடத்துல முடியும். இப்ப பாருங்க."

நகம் முழுசும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது.

டீச்சர் துண்டுகளை இன்னும் நெருக்கினாள். நெருக்க நெருக்கக் குறையத்தானே செய்யும்! பிறகு கொஞ்சம் தளர்த்தினாள். அது இன்னும் மோசம். எவ்வளவு தளர்த்துவது என்று யாருக்குத் தெரியும்?

அதற்குள் தர்மன் ஆசாரி வந்து சேர்ந்தான், தலையெல்லாம் மரத்தூளோடு. யார் சொல்லி வந்தான் என்று கேட்காதீர்கள். வரும் வழியில் அவன் பட்டறையில் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

"எட்டும் ஒரே அளவு டீச்சர்!" என்றான் வந்ததும் வராததுமாக. "ஒரு மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிங்க, என் வாளைக் கொண்டுபோய்ப் பாலாத்துல போட்டுடறேன்."

"அளவு ஒண்ணுதான்யா. மொத்தம் எங்கய்யா?"

ஆசாரி குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். மரத்தூள் மேஜையில் கொட்டியது. அதைப் பார்த்ததும் அவனுக்கே விளங்கியிருக்கணும்.

"அது... வாள் தின்னிருக்கும்."

"இன்னாது?"

"வாள் சும்மாவா போவும்? ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் தின்னும். ஏழு வெட்டு."

"எட்டுத் துண்டுக்கு எப்படிபா ஏழு வெட்டு?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விரலை விரித்துச் சந்துகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு தின்னும் ஆசாரி?" என்றாள் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

"பல்லு, மரம், என் கை, எல்லாத்தையும் பொறுத்ததும்மா. மொத்தத்துல அரை விரல் இருக்கும். கொஞ்சம் கூட இருக்கும். கொஞ்சம் கம்மியாவும் இருக்கும்."

"வரிசைக்கு அரை விரல்னா ஒம்போது வரிசைக்கு நாலரை விரல்" என்றான் வீரபாகு. பின்னம் வேண்டாம் என்று வந்தவன் வாயில் பின்னம் எப்படிச் சரளமாக வருகிறது பாருங்கள். "கடைசி வரிசை அன்னம் முந்தானை ஓரத்தை விட்டு எங்கியோ போய் நிக்கும். ரெண்டு புடவையையும் பக்கத்துல வச்சா குருடனுக்கும் தெரியும்."

"முதல் புடவை ஓரிக்கையிலதானே இருக்குது? போய் அளந்துக்கினு வந்தா?"

"போயி, 'அம்மா, எம்பொண்ணு என் கோலை அறுத்துட்டா, உங்க புடவையைக் கொஞ்சம் விரிங்க'ன்னு கேக்கச் சொல்றீங்களா? அதுக்குத் தறியைப் பிரிச்சுப் போட்டுட்டு நான் கோயில் வாசல்ல பட்டாணி விக்கலாம். அதுவும், புடவையைச் சாமி காலடியில வைக்கறதுக்குத் திருப்பதிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க." மகள் பக்கம் திரும்பினான். "வாடி போலாம். படிச்சது போதும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முந்தானையால் துடைத்துவிடத் தயாராகவே இருந்தேன். அவள் அழவில்லை. கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுப்பக்கத்திலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்தது. நாலு விரற்கடைக்குமேல் நீளம். அதில் கதாநாயகனுடைய முழங்கால் இருந்தது.

"காகிதத்தை வாள் தின்னலப்பா" என்றாள்.

"இது இன்னாடி?"

"உங்க கோலு."

"இத்தினூண்டா?"

"முழுசா இருந்துச்சு. நேத்து எங்க பெஞ்சுல மூணு பேரு பட்டை கொண்டு வரல. டீச்சர் கத்திரியால மடிப்பு மேலயே வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்க. இது என் பங்கு. நாலுல ஒண்ணு."

"எட்டுல ரெண்டு" என்றாள் டீச்சர், முகம் மலர்ந்து.

வீரபாகு என்னைப் பார்த்தான். "கேட்டியாக்கா? ஒரே துண்டு. பொண்ணு ஒண்ணு சொல்லுது, டீச்சர் வேற ஒண்ணு சொல்லுது. முதல்ல ரெண்டு பேரும் பேசி வச்சுக்கினு வாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்பா."

"நாலும் எட்டும் ஒண்ணா?"

தையல்நாயகி அப்பன் கையைப் பிடித்து விரித்து, காகிதத்தை உள்ளங்கையில் வைத்தாள். "கட்டைவிரலால தடவிப் பாருங்க. நடுவுல மடிப்பு தெரியுதா?"

நூல் இழை அறுந்தால் இருட்டில்கூடத் தடவிக் கண்டுபிடிக்கிற விரல். தெரியாமல் போகுமா? "தெரியுது."

"அந்த மடிப்பை எண்ணினா ரெண்டு துண்டு. எட்டுல ரெண்டு. மடிப்பை விட்டுட்டா ஒரே துண்டு. நாலுல ஒண்ணு. நீளம் மாறுச்சா?"

அவன் இன்னொரு தடவை தடவினான். "மாறல."

"இப்ப மரத்துல ரெண்டு துண்டை இது பக்கத்துல வையுங்க."

அவளே வைத்தாள். ரெண்டு மரத்துண்டைவிடக் காகிதம் நகக்கண் அளவு நீளமாக இருந்தது. ஆசாரி நாக்கைச் சப்புக்கொட்டினான். "அதான் என் வாள் தின்னது. கையும் களவுமா புடிச்சுட்டாளே!"

"அப்ப இதை நாலு தடவை வச்சா?"

வீரபாகு முழங்கையிலிருந்து ஆரம்பித்து, காகிதத்தை ஒவ்வொரு தடவையும் நகத்தால் கீறி அடையாளம் வைத்து, நாலு தடவை நகர்த்தினான். நாலாவது தடவை நடுவிரல் நகம் முடிகிற இடத்தில் வந்து நின்றது. பெண்ணிடம் தோற்றுப்போவது எந்த அப்பனுக்குப் பிடிக்கும்? "கீறின எடம் தப்பி இருக்கலாம்" என்றான். "ஒரு துண்டை நம்பி நாலு தடவை வைக்கறது. ஒரு தடவைக்கு ஒரு மயிரிழை தப்பினாலும் நாலு மயிரிழை."

நியாயம்தான். தொழில்காரன் பேச்சு.

"இன்னொரு துண்டு கிடைச்சா சரிபார்த்துடலாம்" என்றாள் டீச்சர். "அந்த மூணு பேரும் வச்சிருக்காங்களா?" ஒருவன் காற்றாடி வாலுக்கு ஒட்டிவிட்டானாம். ஒருத்தி அடுப்பில் போட்டுவிட்டாளாம். முனுசாமிக்கு எங்கே போட்டோம் என்றே நினைவில்லை.

இந்த இடத்தில்தான் ஊருக்கு என் அருமை தெரிந்திருக்கணும். அன்று காலையில் மணியம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். எதற்கு என்பது வேறு கதை. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று திருநீறு கொடுத்தாள். அதற்காக அவள் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே ஒரு பூட்ஸ் தெரிந்தது. திருநீற்றுப் பொட்டலத்தில் சினிமாக்காரன் காலா என்று அப்போதே மனசுக்குள் முகம் சுளித்தேன்.

ஒரே ஓட்டம். "திருநீறு வாங்க வந்தவ சரி, பொட்டலத்தையே கேக்கறியே, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று மணியம்மாள் பின்னாலேயே கத்தினாள். ஒரு மூடியில் கொட்டிவிட்டுக் காகிதத்தோடு வந்து சேர்ந்தேன்.

முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. தையல்நாயகி ரெண்டையும் தேய்த்து நீவி ஒட்ட வைத்துக் காட்டினாள். "இப்ப இது நாலுல ரெண்டு. எட்டுல நாலு. பாதிக் கோலு. இதை ரெண்டே தடவை வச்சாப் போதும்." அதற்குள் ஆசாரி பட்டறைக்குப் போய் வாளோடு கொண்டுவந்திருந்த தேக்குச் சட்டத்தின்மேல் ரெண்டு தடவை வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு முழங்காலை மட்டும் எடுத்து நாலு தடவை வைத்தாள். அதே கோடு. பூட்ஸை மட்டும் எடுத்து நாலு தடவை வைத்தாள். அதே கோடு. வீரபாகு குனிந்து கோட்டுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். மூன்று கோடு தேடினான், ஒன்றுதான் இருந்தது.

ஆசாரி வாளை எடுத்தான்.

"கோட்டு மேல வைக்காதீங்க!" என்றாள் தையல்நாயகி. "கோட்டுக்கு அந்தப் பக்கம் வையுங்க. தின்னறது வேண்டாத பக்கத்துல தின்னட்டும்."

"நாப்பது வருஷமா வாள் புடிக்கறவனுக்கு..." என்று ஆரம்பித்தவன், மேஜைமேல் கிடந்த எட்டுத் துண்டைப் பார்த்துவிட்டு, வாளை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

புதுக் கோல் கைக்கு வந்ததும் வீரபாகுவுக்குப் பழைய குரலும் வந்துவிட்டது. "சரி டீச்சரம்மா. ஒரு பேச்சு. பங்குனியில ஓரிக்கையில ரெண்டு புடவையையும் பக்கத்துல பக்கத்துல விரிப்பாங்க. ஒரு அன்னம் தள்ளி உக்காந்தாலும் இவ தறிக்கு வந்துடணும். அப்புறம் நீங்க வாசலுக்கு வரக் கூடாது. சரியா இருந்தா ஆறாவது போகட்டும்."

"சரியா இருந்தா ஆறாவது மட்டும் இல்ல. அவ படிக்கற வரைக்கும்."

அவன் புதுக் கோலை முழங்கையில் வைத்துப் பார்த்தான். "படிக்கற வரைக்கும்."

"காந்தாக்கா சாட்சி" என்றாள் டீச்சர். சாட்சிக்கு என்னைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்? பொழுது சாய்வதற்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க அத்தனை பேரும் சாட்சி.

அடுத்த மூன்று வாரம் எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நூல் சுற்றினேன். தில்லையம்மாள் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைப் பக்கம் உட்கார்ந்தாள். "வலிக்குதா தில்லை?" என்றால், "வலிச்சா இன்னா, ஒம்போது வரிசைதானேக்கா" என்பாள். பெண் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் தடுத்து நிறுத்தி, "பயமா இல்லியாடி?" என்று கேட்டேன்.

"எதுக்கு அத்தை பயம்? மூணு தடவை வச்சுப் பார்த்தாச்சே" என்றாள். எனக்குத்தான் அன்றைக்கு ராட்டையில் நூல் ரெண்டு தடவை அறுந்தது.

நடுவில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேஜைமேல் இருந்த எட்டுத் துண்டைப் பார்த்து, "எட்டில் எட்டு எவ்வளவு?" என்று கேட்டார். "காகிதத்துல ஒண்ணு சார். மரத்துல அரை விரல் கம்மி" என்று மொத்த வகுப்பும் சொன்னதாம். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாளைப் பற்றிச் சொன்னாள். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று கேள்வி. அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணி வரவில்லை, அதனால் நேரில் பார்க்க முடியாமல் போனது இன்றைக்கும் ஒரு குறைதான்.

புடவை முடிந்தது. வீரபாகு, தையல்நாயகி, நான், மூன்று பேரும் ஓரிக்கைக்குப் போனோம். நான் எதற்கு? சாட்சி வேண்டாமா? டீச்சருக்குப் பள்ளிக்கூட நேரம். "வந்து ஒண்ணு விடாம சொல்லணும்கா" என்று கேட்டுக்கொண்டாள். இப்படி ஒரு வேலையை என்னிடம் யாரும் கேட்டுக்கொண்டு கொடுத்ததே இல்லை.

சீனிவாசன் பெண்டாட்டி அங்கம்மாள் குற்றம் கண்டுபிடிப்பதில் பேர் வாங்கினவள். கோயில் பொங்கலிலேயே முந்திரி எண்ணுகிறவள். கூடத்தில் பாய் விரித்து ரெண்டு புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். முந்தானை நுனியைச் சேர்த்து வைத்தாள். முதல் வரிசை அன்னத்திலிருந்து விரலை வைத்து, இந்தப் புடவையிலிருந்து அந்தப் புடவைக்கு, அந்தப் புடவையிலிருந்து இந்தப் புடவைக்கு என்று கோடு இழுத்துக்கொண்டே போனாள். வீரபாகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது வரிசை. ஏழாவது. ஒன்பதாவது வரிசையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல ஒரு குத்தம் இருக்குது" என்றாள்.

வீரபாகு கை தானாக மகள் தோளுக்குப் போனது. அணைக்கவா, இழுத்துக்கொண்டு போகவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"எது பெரியவளுது, எது சின்னவளுதுன்னு எப்படிய்யா கண்டுபிடிக்கறது? ஒரு அடையாளம் வச்சிருக்கக் கூடாதா?"

திரும்பி வரும்போது பாதி வழிவரைக்கும் வீரபாகு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தான். பிறகு, "ஆறாவதுலயும் இந்தப் பின்னம் உண்டா?" என்று கேட்டான். "உண்டுப்பா. இன்னும் கஷ்டமா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் மகள், ஏதோ பலகாரம் இருக்கிறது என்கிற மாதிரி. "கரைக்கு ஒரு ஆளு பார்க்கணும்" என்றான் அவன், யாருக்குச் சொல்கிறான் என்று தெரியாமல். அவ்வளவுதான். அடுத்த வாரமே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "காகிதத்துல ஒரு நகல் எடுத்து வைடின்னு நான்தான் பொண்ணுகிட்ட அப்பவே சொல்லி வச்சேன்" என்று அளந்துகொண்டிருந்தான். அளக்கட்டும். நான் கொடுக்கிற திருத்தம் அவனுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓரிக்கைப் பெண்கள் ரெண்டு பேரும் கல்யாணமாகி ஒருத்தி உத்திரமேரூருக்கும் ஒருத்தி வாலாஜாபாத்துக்கும் போனார்கள். புடவை மாறிப்போய்விட்டது, உன்னுது என்னிடம், என்னுது உன்னிடம் என்று இன்னும் கடிதாசில் சண்டை நடக்கிறதாகக் கேள்வி. தர்மன் ஆசாரி பள்ளிக்கூடங்களுக்கு எட்டுப் பங்குக் கட்டை செய்து கொடுக்கிறேன் என்று கிளம்பி, செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டான். கிருஷ்ணவேணி டீச்சர் வந்துபோகிற பஸ்ஸில் வேணுகோபால் என்று ஒரு கண்டக்டர். அவள் தெருமுனையில் வருவது தெரிந்தால் விசில் ஊத மாட்டான் என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் நம்பவில்லை. எழுபதில் கல்யாணம், எழுபத்தொன்றில் மதுராந்தகத்துக்கு மாற்றல்.

தையல்நாயகி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தாள்; கணக்கில் எண்பத்தேழு. அப்புறம் ஆரணியிலிருந்து மாணிக்கவாசகம் என்று ஒரு பையன் பெண் பார்க்க வந்தான். கட்டம் போட்ட காகிதத்தில் புடவைக்கு டிசைன் வரைகிறவன். காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவன் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தை இவளே உருவிப் பார்த்து, "இதைப் பாதியாக் குறைச்சா இந்த மயில் கழுத்து ஒடிஞ்சிடுமே" என்றாளாம். அவன் அங்கேயே சரி என்றுவிட்டான். போன வருஷம் ஆவணியில் கல்யாணம். அவள் புடவையை வீரபாகுதான் நெய்தான், ஒன்பது வரிசை அன்னம். ஆரணிக்குப் போகும்போது கோலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அவன் டேப்பு வைத்துத்தான் அளக்கிறான். தையக்காரனுக்குத்தானே டேப்பு என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "இதுவும் கோல்தாங்கா, மடிச்சு வைக்கற கோலு" என்றான்.